ஓணானுக்கு வேலி சாட்சி: என்எஃப்எஸ் சர்வர் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில், பழைய நூல்களையும் நிலப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏழு கணினிகள், ஏழிலும் லினக்ஸ், மூலையில் ஒரு சர்வர். ஸ்கேன் செய்த பக்கங்கள், முதலாளியின் கணக்குகள், எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கும். 2024 கோடையில் அங்கே பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர், தன் சொந்த மடிக்கணினியில் நெட்வொர்க் கேபிளைச் செருகி, நான் எழுதிக் கொடுத்தபடி பொது ஃபோல்டரை இணைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணா, முதலாளியின் சம்பளக் கணக்கு எல்லாம் எனக்குத் திறக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, அந்தக் கோப்புகளுக்கு உரிமையாளர் என்று என் பெயரைக் காட்டுகிறது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். முதலாளி பத்து வருடமாகச் சேர்த்து வைத்த கணக்குகள் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தப் பெண்ணின் பெயர். அவர் எதையும் உடைக்கவில்லை, யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. கடவுச்சொல் கேட்கப்படவே இல்லை என்பதுதான் விஷயம்.

அவரிடம் அன்று நான் சொன்ன விளக்கத்தைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

என்எஃப்எஸ் என்பது, வேறொரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை உங்கள் கணினியிலேயே இருப்பதுபோலக் காட்டும் ஏற்பாடு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. கோப்புகளை வைத்திருப்பது சர்வர். அவற்றைக் கேட்டு வாங்குவது கிளையன்ட், அதாவது நம் மேசைக் கணினி. ஒரு கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் அழிக்கும்போதும் கிளையன்ட் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். கோரிக்கையோடு, இது யாருக்காகக் கேட்கப்படுகிறது என்ற தகவலும் போகும்.

அந்தத் தகவலில் பெயர் இருக்காது. எண் இருக்கும். லினக்ஸ், யூனிக்ஸ் வகைக் கணினிகள் உங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு, அதைத்தான் யூஐடி என்கிறோம். கோப்பின் உரிமையாளர் என்று வட்டில் பதிவாவதும் அந்த எண்தான். நம் கண்ணுக்குப் பெயராகத் தெரிவது, அந்தக் கணினி தன் சொந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணுக்குப் பெயர் போட்டுக் காட்டுவதால். உபுண்டு போன்ற பல லினக்ஸ் வகைகளில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண் தானாகக் கிடைக்கும். முதலாளியின் கணினியில் முதல் பயனர் முதலாளி: 1000. மாணவியின் மடிக்கணினியில் முதல் பயனர் மாணவி: அவரும் 1000. சர்வர் பார்த்தது 1000 என்ற எண்ணை மட்டும். கதவைத் திறந்துவிட்டது. மடிக்கணினியோ தன் பட்டியலில் 1000க்கு நேராக யார் பெயர் இருந்ததோ, அதை எல்லாக் கோப்புகளின் மேலும் ஒட்டிக் காட்டியது.

அப்படியானால் அந்த எண் உண்மைதானா என்று சர்வர் சோதிக்காதா? இந்த முறையில் சோதிக்காது. ஆத்-சிஸ் என்று இதற்குப் பெயர். பழைய பெயர் ஆத்-யூனிக்ஸ். கோரிக்கையின் தலைப்பில் கணினியின் பெயர், பயனர் எண், குழு எண், கூடுதலாக 16 குழு எண்கள் வரை எழுத இடம் இருக்கும். கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது, கடவுச்சொல் கிடையாது. கிளையன்ட் எழுதி அனுப்பியதைச் சர்வர் அப்படியே எடுத்துக்கொள்ளும். (அந்த 16 என்ற வரம்பு பெரிய அலுவலகங்களில் தனித் தலைவலி. பதினேழாவது குழுவில் இருப்பவருக்கு மட்டும் ஒரு ஃபோல்டர் திறக்காது, காரணமும் யாருக்கும் எளிதில் பிடிபடாது.)

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வருபவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச் சாவடி தெரிந்திருக்கும். அங்கே பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காத ஒரு சாவடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காவலர் பஸ்ஸின் எண்ணை மட்டும் பார்க்கிறார். அது அவர் கையிலுள்ள பட்டியலில் இருக்கிறது. பிறகு ஓட்டுநரிடம், "உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். "முன் இருக்கையில் தாசில்தார், அடுத்தவர் டாக்டர்" என்கிறார் ஓட்டுநர். "சரி, போகலாம்."

பஸ்ஸின் எண் என்பது கணினியின் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி. ஓட்டுநர் என்பது அந்தக் கணினி. பயணிகள்தான் பயனர்கள். பயணிகளிடம் சர்வர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதேதான்.

இவ்வளவு அசட்டுத்தனமாக ஏன் செய்தார்கள் என்று மாணவி கேட்டார். அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1984இல் ஒரு யூனிக்ஸ் கணினி சாதாரண மனிதர் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொந்தமாக இருக்கும். அதன் ரூட் கடவுச்சொல், அதாவது அந்தக் கணினியில் எதையும் செய்யும் அதிகாரம், நிர்வாகி ஒருவரிடம் மட்டும் இருக்கும். ஓட்டுநர்கள் எல்லோரும் அலுவலகத்தின் சம்பளக்காரர்களாக இருந்த காலம் அது, ஓட்டுநரின் பேச்சை நம்பியதில் தவறில்லை. இன்று ஆளுக்கொரு மடிக்கணினி இருக்கிறது, அதில் ஆளுக்கு ஆள் ரூட். பஸ் எல்லோரிடமும் வந்துவிட்டது, சாவடி மட்டும் பழையபடியே நிற்கிறது.

அந்தக் காலத்து நம்பிக்கையின் மிச்சம் ஒன்று இன்னும் லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது. கோரிக்கை கணினியிலிருந்து எந்த வாசல் வழியாகப் புறப்படுகிறது என்பதைச் சொல்வது போர்ட் எண். 1024க்குக் கீழுள்ள போர்ட் எண்ணிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்பது என்பது இயல்பான அமைப்பு. அந்தப் போர்ட்களை யூனிக்ஸில் ரூட் மட்டுமே திறக்க முடியும், ரூட் என்றால் நம்பிக்கைக்குரிய நிர்வாகி என்பது கணக்கு. அந்த அமைப்புக்கு வைத்திருக்கும் பெயர் 'செக்யூர்'. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ரூட் ஸ்குவாஷ் என்ற இன்னொரு தடுப்பும் இயல்பாகவே இயங்கும். ரூட்டின் எண் 0. கிளையன்டிலிருந்து 0 என்று வரும் கோரிக்கையைச் சர்வர் அப்படியே ஏற்காமல், நோபடி என்ற அதிகாரமற்ற பயனராக மாற்றிவிடும். லினக்ஸில் அந்த எண் 65534. இதை வைத்துக்கொண்டு பலரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் மடிக்கணினியில் ரூட்டாக இருப்பவர் 1000 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கி, அவராக மாறிக்கொண்டு கேட்டால் போதும். ரூட்டின் கோப்புகள் தப்பிக்கும். முதலாளியின் சம்பளக் கணக்கு தப்பிக்காது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். சர்வரில் எக்ஸ்போர்ட்ஸ் என்றொரு கோப்பு உண்டு. எந்த ஃபோல்டரை எந்தக் கணினிக்குக் கொடுக்கலாம் என்பதை அதில்தான் எழுதுவோம். ஒவ்வொரு கணினியின் எண்ணையும் எழுதச் சோம்பல்பட்டு, கூடத்தின் மொத்த நெட்வொர்க்கையும் ஒரே வரியில் அனுமதித்து வைத்திருந்தேன். கேபிளைச் செருகுகிற எந்தக் கணினியும் அந்த வரிக்குள் வந்துவிடும். அன்றே அதை ஏழு ஐபி எண்களாகத் திருத்தினேன். மாணவியின் மடிக்கணினி வெளியே போனது.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினேன். ஸ்கேனர் அறைக் கணினி ஒன்றை நிறுத்திவிட்டு, அதன் ஐபி எண்ணை மடிக்கணினிக்குக் கையால் கொடுக்கச் சொன்னேன். ஃபோல்டர் மறுபடியும் திறந்தது. நம்பர் பிளேட்டை மாற்றிக்கொண்டு வருகிற வண்டியைச் சாவடி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஐபி பட்டியல் தேவைதான், வைத்துக்கொள்ளுங்கள். அது வேலி, பூட்டு ஆகாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். "நாங்கள் என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு மாறிவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நான்காம் பதிப்பின் விதிமுறை 2000இல் வெளிவந்து 2003இல் திருத்தப்பட்டது. வலுவான அடையாளச் சோதனையை மென்பொருளில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. நீங்கள் அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பூட்டு பொருத்திய கதவை விற்கிறார்கள், பூட்டுவது உங்கள் பாடு. ஒன்றும் செய்யாமல் விட்டால் நான்காம் பதிப்பிலும் பெரும்பாலும் அதே ஆத்-சிஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கூடத்தில் அன்று ஓடிக்கொண்டிருந்ததும் நான்காம் பதிப்புதான்.

அந்தப் பூட்டின் பெயர் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1983இல் தொடங்கிய அதீனா என்ற திட்டத்தில் பிறந்தது. இன்று பயன்பாட்டில் உள்ள ஐந்தாம் பதிப்பின் விதிமுறை 1993இல் வந்தது. அதை என்எஃப்எஸ் கோரிக்கைகளோடு இணைக்கும் முறை 1997இல் வகுக்கப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: யார் சொல்வதை யார் நம்புகிறார்கள்? ஆத்-சிஸ் முறையில், கேட்பவரின் கணினி சொல்வதைச் சர்வர் நம்புகிறது. கெர்பரோஸில், இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார். கேடிசி என்று அவரைச் சொல்வார்கள், சீட்டு கொடுக்கும் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்துக்கு உங்கள் ரகசியமும் தெரியும், சர்வரின் ரகசியமும் தெரியும். உங்களுக்கும் சர்வருக்கும் ஒருவர் ரகசியம் இன்னொருவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.

காலையில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். அது நெட்வொர்க்கில் போகாது. உங்கள் கணினிக்குள்ளேயே அதிலிருந்து ஒரு சாவி உருவாகிறது. சீட்டு அலுவலகம் உங்களுக்கு அனுப்பும் பதில் அந்தச் சாவியால் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். கடவுச்சொல் தெரியாதவர் கையில் அந்தப் பதில் கிடைத்தாலும் அவருக்கு அது வெறும் குப்பை. திறந்தால் உள்ளே அன்றைய நாளுக்கான முதல் சீட்டு இருக்கும். அதைக் காட்டி, நாள் முழுவதும் மறுபடி கடவுச்சொல் கொடுக்காமல் மற்றச் சீட்டுகளை வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது கோப்பு வேண்டும். "என்எஃப்எஸ் சர்வருக்கு ஒரு சீட்டு கொடுங்கள்" என்று உங்கள் கணினி கேட்கிறது. அலுவலகம் அந்த நிமிடத்தில் ஒரு புதிய ரகசியச் சொல்லை உருவாக்கி, இரண்டு உறைகளில் போடுகிறது. ஓர் உறையை நீங்கள் மட்டும் திறக்கலாம். இன்னொன்றைச் சர்வர் மட்டும் திறக்கலாம். அந்த இரண்டாவது உறைக்குள் உங்கள் பெயரையும் அலுவலகம் எழுதி வைத்திருக்கும். அதுதான் சீட்டு. இரண்டு உறைகளும் உங்களிடமே தரப்படும். உங்களுடையதைத் திறந்து ரகசியச் சொல்லை எடுத்துக்கொண்டு, சர்வருக்கானதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். கூடவே, அப்போதைய நேரத்தை எழுதி, ரகசியச் சொல்லால் பூட்டிய ஒரு துண்டுத்தாளையும் தருகிறீர்கள்.

சர்வர் தன் உறையைத் தன் சாவியால் திறக்கிறது. அந்தச் சாவி சர்வரில் கீடேப் என்ற சிறிய கோப்பில் இருக்கும். உள்ளே உங்கள் பெயர், ரகசியச் சொல். அந்தச் சொல்லால் துண்டுத்தாள் திறந்தால், கொண்டுவந்தவர் உறையை வழியில் திருடியவர் இல்லை, உரியவர்தான் என்று உறுதியாகிறது. உறையின் மேலே நீங்கள் எதையும் எழுத முடியாது, உள்ளே இருப்பதை மாற்றவும் முடியாது. மடிக்கணினியில் நீங்கள் ரூட்டாக இருந்தாலும் 1000 என்று மார்தட்டிக்கொள்ள இங்கே இடமே இல்லை. சாட்சி சொல்வது வேலியும் இல்லை, ஓணானும் இல்லை.

பெரும்பாலான விளக்கங்கள் இத்தோடு நின்றுவிடும். மறுபக்கமும் உண்டு. சர்வர் உங்களைச் சோதிக்கிறது சரி, அது உண்மையான சர்வர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆத்-சிஸ் முறையில் தெரியாது. சர்வரின் ஐபி எண்ணை வைத்துக்கொண்டு வேறொரு கணினி உட்கார்ந்திருந்தால், உங்கள் பத்திரங்களையெல்லாம் அதனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். கெர்பரோஸில் சர்வரும் அந்த ரகசியச் சொல்லைப் பயன்படுத்திப் பதில் அனுப்ப வேண்டும். கீடேப் இல்லாத போலி சர்வரால் உறையைத் திறக்க முடியாது, பதிலும் தர முடியாது. வாடிக்கையாளர்களின் நிலப் பத்திரங்களைக் கையாளும் எங்கள் கூடத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அமைக்கும்போது மூன்று படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேஆர்பி5 என்றால் நீங்கள் யார் என்ற சோதனை மட்டும். கேஆர்பி5ஐ என்றால் அதோடு, வழியில் யாரும் கோரிக்கையைத் திருத்தவில்லை என்ற உறுதியும். கேஆர்பி5பி என்றால் அனுப்புவது அனைத்தும் மறைக்குறியாக்கம் செய்யப்படும். கடைசிப் படியில் வேகம் சற்றுக் குறையும். கணக்கு ஃபோல்டருக்குக் கேஆர்பி5பி, பொது நூலகத்தின் பழைய நூல் பக்கங்களுக்குக் கேஆர்பி5ஐ என்று நான் பிரித்து வைத்தேன். வெறும் கேஆர்பி5 என்ற முதல் படியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆளைச் சோதித்துவிட்டு அவர் கொண்டுவரும் தாளை வழியில் யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று விடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

கெர்பரோஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கணினியில் நீங்கள் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, அதே கணினியில் ரூட்டாக இருப்பவர் உங்கள் சீட்டை எடுத்துப் பயன்படுத்த முடியும். ஆனால் அந்தக் கணினிப் பக்கமே வராத முதலாளியாக அவரால் நடிக்க முடியாது. ஆத்-சிஸ் முறையில் அதுவும் முடியும்.

2022இல் இன்னொரு வழியும் விதிமுறையாக வந்தது. இணையத்தில் வங்கித் தளங்கள் பயன்படுத்தும் டிஎல்எஸ் முறையை என்எஃப்எஸ் கோரிக்கைகளுக்கும் போர்த்துவது. சான்றிதழ் வைத்திருக்கும் கணினிக்கு மட்டும் கதவு திறக்கும்படி செய்யலாம், வழியில் ஒட்டுக்கேட்பவருக்கும் ஒன்றும் புரியாது. மாணவியின் மடிக்கணினியை இது வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஆனால் உள்ளே வந்த கணினி, பயனர் யார் என்று பழையபடி எண்ணைத்தான் சொல்லும். நம்பர் பிளேட்டைப் போலியாகச் செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். ஓட்டுநரின் பேச்சு இன்னும் ஓட்டுநரின் பேச்சுதான்.

நான்கைந்து கணினி உள்ள அலுவலகம், எல்லாவற்றுக்கும் ஒருவரே பொறுப்பு என்றால் கெர்பரோஸ் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். விண்டோஸ் உலகத்தின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியில், லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள் மூலம், ஒவ்வொருவரும் கடவுச்சொல் கொடுத்து ஃபோல்டரைத் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அங்கே கணினியின் பேச்சை நம்பாமல் ஆளையே சோதிப்பதுதான் வழக்கம். வெளியாட்கள் மடிக்கணினி கொண்டுவரும் இடம், மாணவர் ஆய்வகம், பிறரின் ஆவணங்களைப் பாதுகாக்கும் இடம் என்றால் பதில் மாறும்.

மாறினால் சில தொல்லைகளும் கூடவே வரும். சீட்டுக்கு ஆயுள் உண்டு. பல இடங்களில் 10 மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள். நாங்கள் ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேலையை மாலையில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். கெர்பரோஸ் வைத்த முதல் வாரம், காலையில் வந்து பார்த்தால் பாதி நூலோடு வேலை நின்றிருந்தது. நடுராத்திரி தாண்டிச் சீட்டு காலாவதி. கடவுச்சொல் தட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? இரவு வேலைக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருக்கு ஒரு கீடேப் கொடுத்து, சீட்டைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வைத்தேன். அந்தக் கீடேப் கோப்பு கடவுச்சொல்லுக்குச் சமம். அதை மற்றவர்கள் படிக்கும்படி எங்கேயாவது போட்டு வைத்தால் இவ்வளவு பாடும் வீண்.

அடுத்த தொல்லை கடிகாரம். துண்டுத்தாளில் நேரம் எழுதுகிறோம் என்றேன் அல்லவா? பழைய தாளை யாரோ எடுத்து மறுபடி நீட்டுவதைத் தடுக்கத்தான் அது. வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் ஏற்காது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் கூடத்தில் மின்சாரம் போய், திரும்பி வரச் சில நாட்கள் ஆயின. வந்ததும் எல்லாக் கணினிகளையும் போட்டோம். ஒருவருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என்பது மட்டும் ஏழு திரைகளிலும். கோப்புகள் போய்விட்டனவோ என்று முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது.

சர்வரின் லாக் கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. சர்வருக்குள் நேரத்தைக் காப்பாற்றும் பட்டன் பேட்டரி செத்துப் போயிருந்தது. மின்சாரம் போனதும் அதன் கடிகாரம் நேரத்தை இழந்துவிட்டது. திரும்ப வந்ததும், கடைசியாக வட்டில் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து லினக்ஸ் எண்ணத் தொடங்கியிருந்தது. வழக்கமாக இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். இணைய இணைப்பு அன்று வரவில்லை. ஏழு கணினிகளும் டிசம்பரில் இருந்தன, சர்வர் மட்டும் இன்னும் நவம்பர் 30இல், புயலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

முதலாளியின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையால் திருத்தினேன். ஃபோல்டர்கள் திறந்தன. மறுநாள் புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன்.